துவிச்சக்கரவண்டிப் பயிற்சியும் பாடசாலை மாணவரும்
ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் நிலத்தில் விரைந்து செல்லுதற்குத் தன் உடல்வலியையே முதலாகக் கொண்டு அமைத்த ஊர்திகளுள் தலையாயது துவிச்சக்கரவண்டி. அதற்குத் தீனி வேண்டுவதில்லை, எண்ணெயும் வேண்டுவதில்லை. ஏழை எளியவரும் முயன்றால் வாங்கத்தக்கது. இவ்வண்டி தோன்றிய வரலாறும் வளர்ந்த வரலாறும் பலரால் எழுதப்பட்டுள்ளன. ஆயின், இதனை ஓட்டுதற்குப் பிள்ளைகளுக்கு முறையாகக் கற்பித்த வரலாறு அத்துணை பேசப்படவில்லை. கற்பித்தற்கு யாதுளது, விழுந்தெழும்பிப் பழகுவதுதானே என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். விழுந்தெழும்பும் இடம் வீட்டு முற்றமாயின் அவ்வெண்ணத்தாற் கேடில்லை. லொறியும் பஸ்ஸும் விரையும் பெருந்தெருவாயின், விழுந்தவர் எழும்புவர் என்பது உறுதியன்று. ஆதலின், பயிற்சியின் வரலாறு ஆராயத்தக்க பொருளாகின்றது.

தோற்றமும் தடையும்

1817ஆம் ஆண்டு யூன் மாதம் 12ஆம் நாள், ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலே கார்ல் டிரைஸ் என்பார் இரு சக்கரங்களை மரச்சட்டமொன்றினாற் பிணைத்து, அதன்மேல் அமர்ந்து, கால்களால் நிலத்தை உந்திச் சென்று காட்டினார். அவ்வண்டிக்குப் பெடலும் இல்லை, சங்கிலியும் இல்லை. அக்காலத்து வீதிகள் குதிரை வண்டித் தடங்களாற் குண்டுங்குழியுமாயிருந்தன. ஆகவே, ஓட்டுநர் நடைபாதையிலே வண்டியைச் செலுத்தினர். நடந்து செல்வோர் இடர்ப்பட்டனர். விரைவில் ஜேர்மனியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நகர ஆட்சியினர் நடைபாதையில் அதனைத் தடைசெய்தனர். கல்கத்தா நகரிலுங்கூட அத்தடை விதிக்கப்பட்டது. ஓட்டுநருக்கு ஒழுங்கு கற்பிக்க வேண்டுமென எவரும் கருதிற்றிலர். தடைசெய்தலே எளிதாயிற்று.

1860களிற் பாரிசு நகரத்தார் முன்சக்கரத்திற் பெடலைப் பொருத்தினர். கால் நிலத்தினின்று நீங்கியதும் சமநிலை காத்தல் ஒரு தனிக் கலையாயிற்று. அதனைக் கற்பித்தற்கென்றே 1869ஆம் ஆண்டளவில் அமெரிக்க நகரங்களிற் பயிற்சி மண்டபங்கள் எழுந்தன. கட்டணஞ் செலுத்தி வளர்ந்தோர் பயின்ற அம்மண்டபங்களே துவிச்சக்கரவண்டிப் பள்ளிகளின் முன்னோடிகளாம். 1870களில் முன்சக்கரம் ஆளுயரத்தை எட்டுமளவு பெரிதாயிற்று. சிறு கல்லொன்று தடுக்கினும் ஓட்டுநர் தலைகீழாக விழுந்தார். பெண்டிரும் பிள்ளைகளும் அதனை அணுகவும் இயலவில்லை.

இந்நிலையை மாற்றியவர் இங்கிலாந்தின் கொவன்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்ராலி ஆவார். அவர் 1885இல் வெளியிட்ட ‘றோவர்’ வண்டியின் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவின. சங்கிலி பின்சக்கரத்தை இயக்கிற்று; அமர்ந்தவரின் கால் நிலத்தை எட்டிற்று. ‘பாதுகாப்பு வண்டி’ என்னும் பொருள்படவே மக்கள் அதனை வழங்கினர். இன்று ஓடும் வண்டிகள் யாவும் அதன் வழித்தோன்றல்களே. எனினும், வண்டி பாதுகாப்புடையதாயிற்றேயன்றி வீதி அவ்வாறாகவில்லை என்பது பின்னரே புலனாயிற்று.

சட்டம் பயிற்சிக்கு முந்திக்கொண்டது. 1888இல் இங்கிலாந்தில் நிறைவேறிய உள்ளூராட்சிச் சட்டம் துவிச்சக்கரவண்டியையும் வண்டிகளுள் ஒன்றெனக் கொண்டு, இரவில் விளக்கேற்றல் வேண்டும், பிறரை முந்துங்கால் மணியொலித்தல் வேண்டும் என விதித்தது. விதியை அறிவித்தவர்கள், அதனைக் கைக்கொள்ளும் பழக்கத்தை ஊட்டவில்லை. கற்றலின் அருமையை உணர்த்தியவர் அமெரிக்க மதுவிலக்கு இயக்கத் தலைவியாகிய பிரான்செஸ் வில்லாட் அம்மையார். தம் 53ஆம் வயதில் ஓட்டப் பழகிய அவர், தாம் அச்சத்தை வென்ற வகையை 1895இல் ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார்.

இறப்பரும் சக்கரமும்

1888இல் நிகழ்ந்த மற்றொன்று சப்ரகமுவ மாகாணத்தோடு தொடர்புடையது. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லொப், தம் சிறு மகனின் முச்சக்கர வண்டி கல்வீதியிற் குலுங்காமல் ஓடவேண்டுமென விரும்பி, இறப்பர்க் குழாயிற் காற்றடைத்துச் சக்கரத்திற் பொருத்தினார். ஒரு பிள்ளையின் நலங்கருதிச் செய்யப்பட்ட அம்முயற்சி உலகெங்கும் இறப்பரின் தேவையைப் பெருக்கிற்று.

அதற்குப் பன்னீராண்டு முன்னரே, 1876இல், ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டினின்று கொண்டுசென்ற விதைகள் இலண்டனின் கியூத் தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டு, அக்கன்றுகளுள் ஏறக்குறைய 1,900 இலங்கைக்கு அனுப்பப்பட்டிருந்தன. அவை கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் இறப்பர்த் தோட்டங்கள் பரந்தன. தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளினின்றும் வந்த தொழிலாளர், விடியற்காலையில் மரஞ்சீவிப் பால் சேகரித்தனர். அப்பாலே உலகத்தின் சக்கரங்களுக்கு மேலுறையாயிற்று.

ஆயினும், அவர்தம் பிள்ளைகள் கால்நடையாகவே சென்றனர். தோட்டத்திலே துவிச்சக்கரவண்டி உத்தியோகத்தின் அடையாளமாயிருந்தது. துரைக்குக் குதிரையும் பின்னர் மோட்டார் வண்டியும், கணக்கப்பிள்ளை போன்றோருக்குத் துவிச்சக்கரவண்டியும், லயத்திலிருந்தோருக்குத் தம் கால்களும் என்னும் முறைமை நெடுங்காலம் நிலவிற்று. தோட்டப் பாதைகள் செங்குத்தாயிருந்தமையும், கூலியின் குறைவும், பள்ளி லயத்தின் அண்மையிலேயே அமைந்திருந்தமையும் இதற்குக் காரணங்களாம்.

பயிற்சி பாடமானமை

மோட்டார் வண்டிகள் பெருகிய பின்னரே மேலைநாட்டார் மாணவர் பயிற்சியைக் கருதத் தலைப்பட்டனர். இங்கிலாந்தில் வீதி ஒழுங்குக் கையேடு 1931இல் வெளியாயிற்று. விபத்துத் தடுப்பை நோக்கமாகக் கொண்ட அரச சங்கம், 1947இற் பிள்ளைகளுக்கான துவிச்சக்கரவண்டித் தேர்ச்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. 1958இல் அரசாங்க ஆதரவுடன் அது நாடெங்கும் பரவியது. பள்ளி முற்றத்திற் சுண்ணாம்புக் கோடிட்டு, அவற்றினூடே வளைந்து செல்லவும், கைகாட்டித் திரும்பவும், குறித்த இடத்தில் நிறுத்தவும் மாணவர் பயின்றனர். தேறியோர் சிறு பதக்கம் பெற்றனர். பல்லாயிரம் இல்லங்களில் அப்பதக்கம் பெருமையுடன் பேணப்பட்டது.

அத்திட்டத்திற் குறையும் இருந்தது. முற்றத்தில் நன்கு ஓட்டிய பிள்ளை, உண்மை வீதியில் எதிர்வரும் வண்டியைக் கண்டு திகைத்து நின்றது. இதனையுணர்ந்தோர் 2007இல் இங்கிலாந்திற் புதிய முறையொன்றை வகுத்தனர். அது மூன்று படிகளையுடையது. முதற்படி போக்குவரத்தில்லாத திறந்தவெளியிலும், இரண்டாவது அமைதியான சிறு தெருவிலும், மூன்றாவது நெரிசலுள்ள வீதியிலும் நிகழும். முன்னைய படியிற் தேறாதவர் அடுத்ததற்குச் செல்லார்.

ஒல்லாந்து நாட்டிலே பிள்ளைகளுக்கான வீதிப் பரீட்சை 1930களில் தொடங்கியது. ஆரம்பப் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர் எழுத்துப் பரீட்சையின் பின், ஊரின் உண்மையான தெருக்களிற் குறித்த வழியே வண்டியோட்டிச் செல்வர். முக்கிய சந்திகளில் மேற்பார்வையாளர் நின்று, பின்னே திரும்பிப் பார்க்கின்றனரா, கைகாட்டுகின்றனரா, வழிவிடுகின்றனரா எனக் குறித்துக்கொள்வர். ஜேர்மனியில் நான்காம் வகுப்பளவில், சிறு வீதிகளும் சைகை விளக்குகளும் அமைந்த பயிற்சித் திடல்களிற் பொலிசாரே மாணவர்க்குக் கற்பிக்கும் வழக்கம் உண்டு.

பிள்ளையா, வீதியா?

பயிற்சி ஒன்றே போதுமா என்னும் வினா இவ்விடத்து எழுகின்றது. சுவீடன் நாட்டு உளவியலறிஞராகிய ஸ்ரீனா சாண்டெல்ஸ் அம்மையார் 1960களில் வீதியிற் பிள்ளைகளின் நடத்தையை ஆராய்ந்தார். சிறு பிள்ளை, வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் வளர்ந்தோரைப்போல மதிப்பிட வல்லதன்று என்பதும், எத்துணைக் கற்பிப்பினும் அதனை முழுமையாக வீதிக்கேற்ப மாற்றுதல் இயலாது என்பதும், ஆகவே வீதியே பிள்ளைக்கேற்ப மாறவேண்டும் என்பதும் அவர்தம் முடிபு.

ஒல்லாந்தின் அனுபவம் இதற்குச் சான்றாயிற்று. பரீட்சை நடந்துவந்த அந்நாட்டிலேயே, 1971இல் வீதி விபத்துக்களால் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் பிள்ளைகள். பிள்ளைகளைக் கொல்லுதலை நிறுத்துக எனும் முழக்கத்துடன் 1972இற் பெற்றோர் இயக்கமொன்று எழுந்தது. பின்வந்த ஆண்டுகளில் துவிச்சக்கரவண்டிக்கெனத் தனிப்பாதைகள் பெருகின. குடியிருப்புத் தெருக்களில் மோட்டார் வேகம் குறைக்கப்பட்டது. ஆயினும் பரீட்சையை அவர்கள் கைவிட்டாரல்லர். பாதையும் பயிற்சியும் இரண்டும் வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை. வீதி திருந்தும்வரை பிள்ளை காத்திராது. அது நாளையே பள்ளிக்குச் செல்லும். அதுபோலவே, பயிற்சி தந்தோம் என்பதனால் வீதியைத் திருத்தாது விடுதலும் அறமாகாது.

புதுக்கோட்டை தந்த பாடம்

தமிழர் வரலாற்றிலே வண்டியோட்டக் கற்றலே ஓர் இயக்கமான இடம் புதுக்கோட்டை மாவட்டம். அங்கே 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவு பரப்புதலே அதன் நோக்கம். அப்போது மாவட்ட ஆட்சியராயிருந்த சீலாராணி சுங்கத் அம்மையார், எழுத்தோடு வண்டியோட்டலையும் பெண்களுக்குப் பயிற்றுதல் வேண்டுமெனக் கருதினார். கற்பிக்கச் செல்லும் பெண் தொண்டர்கள் ஊர்விட்டு ஊர்செல்ல ஆண்துணையை எதிர்பார்த்திருந்தமை அக்கருத்திற்கு வித்தாயிற்று. வங்கிக் கடன் வசதி செய்யப்பட்டது. ஊர்தோறும் பயிற்சி முகாம்கள் நடந்தன. அவற்றிற் பாடுதற்கெனப் பாடலும் இயற்றப்பட்டது.

70,000க்கும் மேற்பட்ட பெண்கள் தம் ஓட்டும் திறனை வெளிப்படையாகக் காட்டினர் எனப் பத்திரிகையாளர் சாயிநாத் பதிவுசெய்துள்ளார். வயற்பெண்டிரும் கற்குவாரித் தொழிலாளரும் மருத்துவத் தாதியரும் ஆசிரியைகளும் அவர்களுள் அடங்குவர். பெண்கள் வண்டி போதாதவிடத்து ஆண்கள் வண்டியையே ஓட்டினர். ஏளனஞ் செய்தோர் இருந்தனர். ஏளனம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஒருத்தி பயின்றதும் மற்றொருத்திக்குக் கற்பித்தாள். மாணவியே ஆசிரியையாகும் இம்முறையே இயக்கம் பரவியதன் இரகசியம்.

இப்புதுக்கோட்டைச் சீமையினின்றும் வந்தோரின் வழித்தோன்றல்கள் இலங்கைத் தோட்டங்களில் வாழ்கின்றனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

பின்னர் தமிழக அரசு, 2001-02ஆம் ஆண்டில் மேல்நிலைப் பள்ளிகளிற் பயிலும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியர்க்கு இலவச வண்டி வழங்கத் தொடங்கி, 2005-06இல் அதனை ஏனைய மாணவர்க்கும் விரித்தது. பீகார் மாநிலம் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு வண்டி வாங்கப் பணம் வழங்கியது. அத்திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியலறிஞர் இருவர், உயர்நிலைப் பள்ளியிற் சேரும் உரிய வயதுப் பெண்பிள்ளைகளின் தொகை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடியது எனக் கண்டனர். பள்ளி மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே பயன் மிகுந்தது என்பது அவ்வாய்வின் சிறப்பான முடிபாகும். இலங்கையிலும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் தொண்டு நிறுவனங்கள் 24,000க்கும் மேற்பட்ட வண்டிகளைப் பாதிக்கப்பட்டோர்க்கு வழங்கின. வண்டியை வழங்குதல் நற்செயலே. பயிற்சியை உடன் வழங்கினாலன்றி அது முழுமைபெறாது.

இரத்தினபுரியின் நிலை

இரத்தினபுரி மாவட்டத் தோட்டச் சிறுவரின் கல்வி வரலாறு தூரத்தின் வரலாறே எனலாம். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டத்திலே பள்ளி அமைத்தலை முகாமைக்குக் கடமையாக்கின. அப்பள்ளிகள் பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளிகளாய்த் தொடக்க வகுப்புக்களோடு நின்றன. 1970களில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. பின்னர் கட்டடங்களும் ஆசிரியரும் பெருகினும், ஐந்தாம் வகுப்பிற்கு மேற் கற்க விரும்பும் பிள்ளை பல தோட்டங்களினின்றும் வெளியே செல்லவேண்டியதாயிற்று. பலாங்கொடை, பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, இரத்தினபுரி முதலிய நகரங்களை நோக்கிய அவ்வழி நெடிது. அவ்வழியிலேதான் பல பிள்ளைகளின் படிப்பு முடிவடைந்தது. அறிவின்மையால் நின்றோரினும் பயணச் செலவாலும் களைப்பாலும் நின்றோர் பலர்.

முன்னர் அவிசாவளையினின்று குறுகிய இருப்புப்பாதையொன்று 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியிருந்தது. 1976இல் அது மூடப்பட்டபின் போக்குவரத்து முழுதும் வீதியையே சார்ந்தது. கொழும்பினின்று அவிசாவளை, எகலியகொடை, குருவிட்டை, இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை வழியாகக் கிழக்கே செல்லும் பெருந்தெருவில் பஸ்களும் லொறிகளும் முச்சக்கரவண்டிகளும் இடைவிடாது ஓடுகின்றன. தோட்டப் பாதையோ மலைச்சரிவில் இறங்கி, ஒரு வளைவின் முடிவில் திடீரென அப்பெருந்தெருவைச் சேர்கின்றது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாகப் பெய்யும் மழையால் தார்வீதியும் மண்பாதையும் வழுக்குகின்றன. களுகங்கை பெருகுங்காலத்துத் தாழ்ந்த வீதிகள் நீரில் மூழ்குகின்றன. யாழ்ப்பாணத்தின் சமதரையிலே துவிச்சக்கரவண்டி இயல்பாகப் பரவியது. 1990களிற் பொருளாதாரத் தடையால் எரிபொருள் அரிதானபோது அங்குள்ளோர்க்கு அதுவே உற்ற துணையாயிற்று. இரத்தினபுரியின் நிலவமைப்பிலோ அதே வண்டி மும்மடங்கு எச்சரிக்கையை வேண்டும்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது, வண்டியைப் பல ஆண்டுகளாகத் தொடாதவரும் அதனைத் தேடி வாங்கினர். பிள்ளைகள் பலரும் முன்பயிற்சியின்றியே வீதிக்கு வந்தனர். இலங்கையில் வண்டிக்கு ஆண்டுதோறும் உள்ளூராட்சிச் சபையில் உரிமம் பெறும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இரும்பிற்கு உரிமம் கேட்ட சமுதாயம், அதன்மேல் அமரும் பிள்ளைக்குத் திறமை உண்டா எனக் கேட்டதில்லை.

கற்பிக்கும் முறை

வரலாறு காட்டும் வழியைத் தொகுத்து நோக்கின், பாடசாலையொன்று பெருஞ்செலவின்றியே இப்பயிற்சியை நடத்தலாம் என்பது புலனாகும்.

முதலாவது, வண்டி பிள்ளைக்குப் பொருந்துதல் வேண்டும். இருக்கையில் அமர்ந்தபோது இருகால் விரல்களும் நிலத்தைத் தொடவேண்டும். தந்தையின் வண்டியிற் சட்டத்தினூடே காலை நுழைத்து ஓட்டுதலைத் தமிழகத்தார் ‘குரங்குப் பெடல்’ என்பர். அது முற்றத்து விளையாட்டாகுமேயன்றி வீதிக்கு ஆகாது. பிறேக், மணி, சங்கிலி, சக்கரக் காற்று ஆகியவற்றை நாடோறும் புறப்படுமுன் சோதித்தலைப் பிள்ளையே செய்யப் பழகல் நன்று.

இரண்டாவது, சமநிலை. வண்டி எப்பக்கஞ் சாய்கின்றதோ அப்பக்கம் கைபிடியைச் சிறிது திருப்பினால் அது நிமிரும். இதனைச் சொல்லால் உணர்த்துதல் அரிது. பெடல்களைக் கழற்றிவிட்டு, இருக்கையைத் தாழ்த்தி, மெல்லிய சரிவிற் காலால் உந்திச் செல்லவிடின், பிள்ளை ஓரிரு நாளில் இதனைத் தானே அறிந்துகொள்ளும். பின்னர் பெடல்களைப் பூட்டலாம். 1817இல் டிரைஸ் ஓட்டிய முறையே இன்று சிறந்த பயிற்சி முறையாக மீண்டுள்ளமை வியத்தற்குரியது.

மூன்றாவது, நிறுத்தல். ஓடக் கற்குமுன் நிற்கக் கற்றல் வேண்டும். முன்பிறேக்கை மட்டும் திடீரென இறுக்கினால் வண்டி கவிழும்; பின்பிறேக்கை மட்டும் பிடித்தால் நெடுந்தூரம் இழுத்துச் செல்லும். இரண்டையும் ஒருங்கே, படிப்படியாகப் பிடித்தலே முறை. மழையில் நனைந்த பிறேக் உடனே பற்றாது. ஆதலின் முன்கூட்டியே மெல்லப் பிடித்து ஈரத்தைத் துடைத்தல் வேண்டும். செங்குத்தான இறக்கத்தில், பெருந்தெருவைச் சேருமுன், இறங்கி உருட்டிச் செல்லுதல் கோழைத்தனமன்று என்பதைப் பிள்ளைகளுக்கு, சிறப்பாக ஆண்பிள்ளைகளுக்கு, அழுத்திக் கூறுதல் ஆசிரியர் கடன்.

நான்காவது, வீதி. இலங்கையில் இடப்பக்கமாகச் செல்லல் சட்டம். ஆதலின் வலப்பக்கம் திரும்புதலே பிள்ளைக்குப் பெரிதும் இடர் விளைப்பது. பின்னே பார்த்தல், கைகாட்டல், மீண்டும் பார்த்தல், பின் திரும்பல் என்னும் ஒழுங்கு பழக்கமாகும்வரை, சந்தியில் இறங்கி வீதியைக் கடத்தலே தக்கது. வளைவில் லொறியின் பின்சக்கரம் உட்புறமாக நெருங்கி வருமென்பதையும், அதன் இடப்பக்கத்தே செல்லும் சிறுவனைச் சாரதி காணமாட்டார் என்பதையும் நின்ற லொறியொன்றின் துணைகொண்டு காட்டலாம். இருவர் ஏறிச் செல்லாமை, இணைந்து பேசிச் செல்லாமை, மாலையில் விளக்கும் வெண்ணிற உடையும், தலைக்கவசம் ஆகியனவும் இப்பாடத்தில் அடங்கும்.

இவையாவும் திடல், சிறுதெரு, பெருந்தெரு என்னும் முறையிலே படிப்படியாக நடைபெறல் வேண்டும். மேல்வகுப்பு மாணவர் கீழ்வகுப்பாருக்குக் கற்பிப்பின், புதுக்கோட்டையிற் கண்ட பயன் பாடசாலையிலும் விளையும். மாணவியரை இப்பயிற்சியினின்று ஒதுக்குதல் எவ்வாற்றானும் பொருந்தாது. தூரத்தாற் படிப்பை இழப்போருள் முதலில் நிற்பவர் அவர்களே.

முடிவுரை

துவிச்சக்கரவண்டியின் வரலாறு இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அதனைத் தடைசெய்த காலமும், அதன்மீது விதி விதித்த காலமும், அதனை இலவசமாக வழங்கிய காலமும் வந்துள்ளன. இவற்றுள் எதுவும் கற்பித்தலுக்கு ஈடாகவில்லை. இரத்தினபுரியின் இறப்பர் மரங்கள் உலகத்தின் சக்கரங்களுக்கு ஒரு நூற்றாண்டிற்கும் மேலாகப் பாலூட்டி வந்துள்ளன. அம்மரங்களைச் சீவியோரின் பேரப்பிள்ளைகள் அச்சக்கரத்தின்மேல் அச்சமின்றி அமர்ந்து, காலையிற் பள்ளி சென்று மாலையில் ஊறின்றி வீடு திரும்புதல் வேண்டும். வாரத்தில் ஒரு பாடவேளை, விளையாட்டுத் திடலொன்று, சுண்ணாம்பு சிறிது, பொறுமையுள்ள ஓர் ஆசிரியர்: இத்துணையே அதற்கு வேண்டுவன. தோட்டப் பாதை பெருந்தெருவைச் சேரும் முனையில் எச்சரிக்கைப் பலகை நாட்டுதலும் வேகத்தைக் குறைத்தலும் வீதிப் பொறுப்பாளரின் கடன். இவ்விரு கடன்களும் ஒருங்கு நிறைவேறுமாயின், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்புக்கள் பல தொடரும் என்பது ஒருதலை.